நம் முதல் விலாசம்

(ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் பேசச் சொன்னால், சபை தொடங்கிய நாளிலிருந்து நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்வது வழக்கம். அதை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்ல வந்திருக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு வயது எட்டு. அவர் இப்போது முன்வரிசையில்தான் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்.

கடந்த கோடையில் ஒரு சனிக்கிழமை ஓய்வுநாட் பாடசாலைப் பிள்ளைகளை றிவர்டேல் பண்ணைக்குக் கூட்டிப் போனோம். ரொறன்ரோ டவுன்ரவுனுக்குக் கிழக்கே, டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் அந்தப் பண்ணை இருக்கிறது. பசு, ஆடு, பன்றி, கோழி எல்லாவற்றையும் பார்த்தோம். முன்பு அந்த இடத்தில்தான் நகரத்தின் மிருகக்காட்சிசாலை இருந்தது. 1974இல் மிருகங்களை ஸ்காபரோவுக்கு மாற்றினார்கள். 1978இல் அந்த இடம் பண்ணையாயிற்று. டவுன்ரவுனை விட்டு ஸ்காபரோவுக்குக் குடிபோவதில் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் நமக்கு முந்திவிட்டன என்று சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

பிறகு பக்கத்துத் தெருக்களில் நடந்தோம். அந்தப் பகுதிக்குக் கபேஜ்ரவுன் என்று பெயர். செங்கல் வீடுகள், ஒன்றோடு ஒன்று தோள் ஒட்டி நிற்கும். ஒடுங்கிய முகப்பு, மேலே கூரான முக்கோணக் கூரை, முன்னால் ஒரு பாய் விரிக்கிற அளவு முற்றம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட வீடுகள். அவற்றின் முகப்பை நினைத்தபடி மாற்ற நகரசபை விடாது. அவ்வளவு அருமையாகக் காக்கிறார்கள்.

"ஒரு காலத்தில் இது ஏழைகளின் ஊர்" என்று சொன்னேன். பிள்ளைகள் அந்த வீடுகளையும், பூச்செடிகளையும், வாசலில் நின்ற கார்களையும் பார்த்தார்கள். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"அன்ரி, அப்ப அந்த ஏழை ஆக்கள் எல்லாம் இப்ப எங்கை?"

எனக்கு மறுமொழி வரவில்லை. "பிறகு சொல்லுறன், இப்ப ஐஸ்கிரீம் சாப்பிடுவம்" என்று சமாளித்துவிட்டேன். அந்தப் "பிறகு" இன்றைக்குத்தான் வந்திருக்கிறது.

பிள்ளைகளே, முதலில் அந்தப் பெயரைப் பாருங்கள். கபேஜ் என்றால் நம் வீட்டுக் கோவா. பெரியவர்களில் சிலர் முட்டைக்கோஸ் என்பார்கள். அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள் தங்கள் வீட்டு முன் முற்றத்தில் பூ வைக்காமல் கோவா நட்டார்கள், அதனால் பணக்காரர்கள் இந்தப் பெயரை வைத்துக் கேலி செய்தார்கள் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. இன்றைக்கு அந்த ஊரவர்கள் கோவாப் படம் போட்ட கொடியைத் தங்கள் வாசலில் கட்டியிருக்கிறார்கள். கேலிப்பெயரே கொடியாகிவிட்டது.

அந்த அயர்லாந்துக்காரர் ஏன் வந்தார்கள்? 1840களில் அவர்கள் நாட்டில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தது. 1847ஆம் ஆண்டு ஒரே கோடையில் 38,000க்கும் அதிகமானோர் கப்பல் ஏறி ரொறன்ரோவுக்கு வந்து இறங்கினார்கள். அப்போது இந்த நகரத்தின் மொத்த சனத்தொகையே ஏறக்குறைய 20,000தான். ஊராரைவிட வந்தவர்கள் அதிகம். கப்பலில் பரவிய காய்ச்சலால் 1,100க்கும் மேற்பட்டோர் இங்கே இறந்தார்கள். நோயாளிகளைப் பார்க்கப் போன கத்தோலிக்க ஆயர் மைக்கல் பவரும் அதே காய்ச்சலில் அந்த ஆண்டே இறந்தார். சாகாமல் தப்பியவர்களில் பலர் நகரத்தின் கிழக்குக் கோடியில் குடியேறினார்கள். அங்கே வாடகை குறைவு, பக்கத்திலே தொழிற்சாலைகள்.

அவர்களுக்கும் முன்னால் அந்தப் பக்கத்தில் இன்னொரு குடும்பம் இருந்தது. பண்ணை வாசலுக்கு எதிரே ஒரு பழைய சேமக்காலை பார்த்தோமே, நினைவிருக்கிறதா? நெக்ரோபொலிஸ் என்று பெயர், 1850இல் திறந்தது. அங்கே தோர்ன்ரன் பிளாக்பேர்ன் என்பவரும் அவர் மனைவி லூசியும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இருவரும் அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். தப்பி ஓடி டெற்றொயிற் நகரத்தில் இருந்தபோது, 1833இல் பிடிபட்டார்கள். சிறைக்குள் லூசியைப் பார்க்க வந்த ஒரு பெண் தன் உடுப்பை லூசிக்குக் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, தான் உள்ளே இருந்துவிட்டாள். தோர்ன்ரனை ஊரிலிருந்த கறுப்பு மக்கள் திரண்டு வந்து மீட்டார்கள். இருவரும் ஆற்றைக் கடந்து கனடாவுக்குள் வந்தார்கள். திருப்பி அனுப்பச் சொல்லி அமெரிக்காவிலிருந்து கேட்டார்கள், இங்கிருந்த அரசு மறுத்துவிட்டது.

1834இல் அவர்கள் ரொறன்ரோவுக்கு வந்தார்கள். தோர்ன்ரன் எழுத வாசிக்கத் தெரியாதவர். ஆனாலும் சிவப்பும் மஞ்சளும் பூசிய ஒரு குதிரை வண்டி செய்வித்து, இந்த நகரத்தின் முதல் வாடகை வண்டியை ஓட்டியவர் அவர்தான். இன்றைக்கு நம் சபையில் எத்தனை அண்ணன்மார் ராக்சி ஓட்டுகிறார்கள்! அவர்களுடைய தொழிலுக்கு இந்த ஊரில் மூத்தவர் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஓர் அகதி. அவரும் லூசியும் வீடுகள் வாங்கினார்கள். தங்களைப்போலத் தப்பி வந்தவர்களுக்கு அவற்றைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தார்கள். ஏறிவந்த ஏணியை அவர்கள் இழுத்து ஒளிக்கவில்லை. இந்த வசனத்தை மனதில் வைத்திருங்கள், பிறகு திரும்பி வருவேன்.

ஏழைகளுக்கு ஆலயமும் பிரச்சினையாக இருந்தது. அந்தக் காலத்தில் ஆலயத்தில் இருக்கைக்கு வாடகை கட்ட வேண்டும். நகரத்துப் பெரிய ஆலயத்தில் அந்த வாடகை கட்ட முடியாத கிழக்குப் பக்கத்துத் தொழிலாளருக்காக 1844இல் ஒரு சின்ன ஆலயம் எழும்பியது. லிற்றில் ரினிற்றி என்ற அந்த ஆலயம் கிங் வீதியில் இன்றும் நிற்கிறது. அதன் பின்னால், 1848இல் ஈனொக் ரேணர் என்ற பியர் ஆலைக்காரர் ஒருவர் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடம் கட்டினார். அவர் பியர் காய்ச்சுபவர் என்பதைப் போதகர் ஐயா மன்னிக்க வேண்டும். வரி வசூலித்து இலவசப் பள்ளிக்கூடம் நடத்த நகரசபை மனம் வைக்காத நேரத்தில் அவர் தன் பணத்தைப் போட்டார்.

சரி, நம் கேள்விக்கு வருவோம். அந்த ஏழைகள் எங்கே?

அதற்கு நான் என் அம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும். 1988 மாசி மாதம் அம்மாவும் தம்பியும் நானும் இந்த நாட்டுக்கு வந்தோம். அப்பா மூன்று வருடம் கழித்துத்தான் வந்தார். மாமாவின் வீட்டில் இறங்கினோம். அது சென்ற் ஜேம்ஸ் ரவுனில், பதினோராம் மாடி. இரண்டு அறை, ஒன்பது பேர்.

சென்ற் ஜேம்ஸ் ரவுன் எங்கே இருக்கிறது தெரியுமா? கபேஜ்ரவுனுக்கு எதிரேதான். வெல்ஸ்லி வீதியும் பார்லிமென்ற் வீதியும் சந்திக்கிற மூலையில் நின்று ஒரு பக்கம் பார்த்தால் செங்கல் வீடுகள், மறுபக்கம் பார்த்தால் வானத்தை மறைக்கிற மாடிகள். அங்கேயும் முன்பு அதே மாதிரிப் பழைய வீடுகள் இருந்தன. 1960களில் அவற்றை இடித்து ஏறக்குறைய 20 உயர்மாடிகளைக் கட்டினார்கள். சம்பாதிக்கிற இளவயதுக்காரர் வந்து இருப்பார்கள் என்று எண்ணிக் கட்டியது. வந்தவர்கள் உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் வந்த குடியேறிகள். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நம் சனம் வந்து இறங்கிய முதல் வாசல்களில் அது ஒன்று. 1986 ஆவணியில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை அங்கத்தைய மீனவர் கரை சேர்த்தார்கள். அந்தச் செய்தி ரீவியில் வந்த நாளை இங்கே பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கபேஜ்ரவுனில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் தனியாக இருந்த ஒரு கிழவியின் வீட்டைக் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. வாரத்தில் இரண்டு நாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய் மொழிபெயர்ப்பேன். எனக்கே ஆங்கிலம் அரைகுறை, ஆனால் அம்மாவுக்கு நான் பேராசிரியர்.

அந்தக் கிழவி பிறந்தது அந்த வீட்டில் இல்லை. உண்மையான கபேஜ்ரவுன் ஜெராட் வீதிக்குத் தெற்கே இருந்தது. அங்கேதான் அவர் பிறந்து வளர்ந்தார். 1940களின் கடைசியில் நகரசபை அந்தப் பகுதி முழுவதையும் இடித்து, றீஜன்ற் பார்க் என்ற புதுக் குடியிருப்பைக் கட்டியது. கனடாவில் அரசு கட்டிய முதல் பெரிய குடியிருப்பு அதுதான். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்த வீடுகள் ஒழுகின, குளிருக்கு ஈடுகொடுக்கவில்லை, குளியலறை இல்லாதவையும் இருந்தன. புது வீடுகளில் சூடும் தண்ணீரும் இருந்தன.

ஆனால் கிழவி சொன்ன ஒரு சொல்லை நான் மறக்கவில்லை. "அவர்கள் வந்து எங்கள் வீட்டில் எத்தனை அறை, எத்தனை யன்னல் என்று எண்ணினார்கள். தெருவை யாரும் எண்ணவில்லை" என்றார். தெரு என்று அவர் சொன்னது தாரையும் கல்லையும் அல்ல. பிரசவ நேரத்தில் யார் கதவைத் தட்டுவது, அப்பன் குடித்துவிட்டு வந்தால் பிள்ளைகள் எந்த வீட்டுக்கு ஓடுவது, எந்தக் கடைக்காரர் கடன் தருவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரு. புதுக் குடியிருப்பில் ஊடாகப் போகும் தெருக்களை மூடிப் புல் வளர்த்தார்கள். 2005 தொடக்கம் அதையும் இடித்து மறுபடி கட்டத் தொடங்கியபோது, மூடிய தெருக்களைத் திறந்தார்கள். கிழவி சொன்னது சரிதான் என்று நகரம் ஒப்புக்கொள்ள ஏறக்குறைய 60 வருடம் சென்றது.

வடக்கே மிஞ்சியிருந்த பகுதிக்கு அப்போது டொன் வேல் என்று பெயர். 1960களில் அதையும் இடிக்கத் திட்டம் வந்தது. அங்கே குடியிருந்தவர்கள் கூடினார்கள், கூட்டம் போட்டார்கள், நகரசபையில் போய் நின்றார்கள். வீடுகள் தப்பின. 1970களில் அந்தப் பகுதியே கபேஜ்ரவுன் என்ற பெயரை எடுத்துக்கொண்டது. நாம் நடந்து பார்த்தது அதைத்தான்.

தப்பிய வீடுகளுக்கு விலை ஏறியது. வாடகைக்கு இருந்தவர்கள் மெல்ல மெல்லப் போனார்கள். இடித்தும் ஏழை போனான், இடிக்காமல் காத்தும் ஏழை போனான். இதை யோசித்துப் பாருங்கள், பெரியவர்களே. கல்லைக் காப்பது ஒரு வேலை, மனிதரைக் காப்பது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்தால் இரண்டாவது தானாக நடக்காது.

இது குளிர்நாட்டில் மட்டும் நடந்த கதை இல்லை. என் தம்பியின் மகள் அமெரிக்காவின் அரிசோனாவில், டூசான் என்ற பாலைவன நகரத்தில் படித்தாள். அவளைப் பார்க்கப் போனபோது நகர மையத்துக்குப் பக்கத்தில் பாரியோ வியேஹோ என்ற பழைய குடியிருப்புக்குக் கூட்டிப் போனாள். பழைய பேட்டை என்று அர்த்தம். மண்கல்லால் கட்டிய தடித்த சுவர்கள். கடும் வெயிலிலும் உள்ளே குளிர்ச்சி. நம் ஊர் மண்வீட்டுத் திண்ணையின் குளிர்ச்சி ஞாபகத்துக்கு வந்தது. வீட்டுச் சுவர் தெருவோரத்திலேயே எழும்பும், முற்றம் வீட்டுக்குள் இருக்கும். மெக்சிக்கர், சீனர், அந்த மண்ணின் பழங்குடியினர் எல்லாரும் கலந்து இருந்த இடம். 1960களின் கடைசியில் அதில் பெரும்பகுதியை இடித்து மாநாட்டு மண்டபம் கட்டினார்கள். மிஞ்சிய பகுதிக்குள்ளால் பெருந்தெரு போடத் திட்டம் வந்தபோது, அங்கிருந்தவர்கள் ஒரு சின்ன வழிபாட்டு இடத்தைக் காட்டித் தடுத்தார்கள். எல் ரிராடித்தோ என்று பெயர். கோபுரமோ கூரையோ இல்லை, இடிந்த மண்சுவரும் மெழுகுதிரிகளும்தான். ஒரு காதல் தகராறில் கொலையுண்ட பாவி ஒருவனுக்காக ஊரார் திரி ஏற்றிய இடம் என்று கதை. 1971இல் அது தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பெருந்தெரு வரவில்லை. இன்றைக்கு அந்த மண்வீடுகளுக்கும் நல்ல விலை. அந்தத் தெருவில் நின்றபோது உச்சி வெயிலில் எனக்குக் கபேஜ்ரவுன்தான் தெரிந்தது. பனியிலும் மணலிலும் ஒரே கதை.

மறுபடி கிழவியின் வீட்டுக்கு வருவோம். அவர் கோவாவை உப்புத் தண்ணீரில் அவித்துத்தான் சாப்பிடுவார். ஒரு நாள் அம்மா அங்கேயே தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் மஞ்சளும் போட்டுக் கோவா வறை செய்து கொடுத்தார். தேங்காய் தேடிப் பார்லிமென்ற் வீதி முழுக்க ஓடினது நான். கிழவி ஒரு வாய் வைத்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மிளகாய் அப்படி. பிறகு தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "எழுபது வருடமாக இதை வீணாக அவித்துவிட்டேனே" என்று சிரித்தார். அடுத்த கிழமை அம்மாவுக்கு ஒரு மண்சட்டியும் ஒரு பை மண்ணும் தந்தார். "உன் மிளகாயை இதில் நடு. உறைபனி விழுகிறதற்கு முன் உள்ளே எடு" என்றார். பதினோராம் மாடிப் பல்கனியில் எங்கள் முதல் தோட்டம் அதுதான்.

எரேமியா தீர்க்கதரிசி பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் 29ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் போய் வாசியுங்கள். பெட்டியைக் கட்டியபடி வாசலில் உட்கார்ந்திராதே, வீடு கட்டு, தோட்டம் போடு, நீ இருக்கிற பட்டணத்தின் நன்மைக்காக மன்றாடு என்ற கருத்தில் எழுதுகிறார். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு முன்முற்றத்துக் கோவாவும் அம்மாவின் மிளகாய்ச் சட்டியும் நினைவுக்கு வரும். ஊரைவிட்டு வந்த சனம் தோட்டம் போடும்போது, நான் இங்கே இருக்கப் போகிறேன் என்று அந்த மண்ணுக்குச் சொல்கிறது.

இனி, சொல்ல வெட்கமான ஒன்றைச் சொல்லப் போகிறேன்.

சென்ற் ஜேம்ஸ் ரவுனில் இருந்த காலத்தில் ஒரு நாள் லிஃப்ற்றில் ஒரு பெண்மணி என்னைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு தன் மகளிடம் ஏதோ சொன்னார். என் குளிருடுப்பில் கறி மணம். அந்த மகள் என் வகுப்பு. வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் அன்றிரவே என் கோற்றைத் தோய்த்துப் போட்டார். காலையில் அது காயவில்லை. ஈரக் கோற்றோடு பள்ளிக்கூடம் போனேன்.

வருடங்கள் ஓடின. ஸ்காபரோவுக்கு வந்தோம், வீடு வாங்கினோம், பின்வளவில் கத்தரியும் மிளகாயும் வைத்தோம். இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டின் நிலக்கீழ் அறைக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. தூர தேசத்திலிருந்து தஞ்சம் கேட்டு வந்தவர்கள். அவர்கள் சமைக்கிற மணம் எங்கள் யன்னலால் வந்தது. ஒரு நாள் ரெலிபோனில் என் தங்கைமுறையான ஒருத்தியிடம், "இவையின்ரை மணம் தாங்கேலாது, எங்கையிருந்துதான் வருகினமோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இப்போது 84 வயது. காது மந்தம் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கதிரையிலிருந்து என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நீ லிஃப்ற்றிலை அழுதது மறந்துபோச்சோ?"

அவ்வளவுதான் சொன்னார். நான் ரெலிபோனை வைத்துவிட்டேன். அடுத்த நாள் அம்மா கோவா வறை செய்து, மூடி போட்ட கிண்ணத்தில் என் கையில் தந்து பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் நான்தான் அம்மாவின் மொழிபெயர்ப்பாளர். கிண்ணம் வெறுமையாகத் திரும்பி வரவில்லை. அவர்கள் வீட்டு ரொட்டி அதில் இருந்தது.

அன்பானவர்களே, இது என் வீட்டில் மட்டும் நடக்கிற பேச்சு என்று நான் நினைக்கவில்லை. நம் கலியாண வீடுகளில், நம் வாகனத் தரிப்பிடங்களில், சில நேரம் நம் ஆலயத்து மண்டபத்துத் தேநீர் மேசையிலும் அதைக் கேட்டிருக்கிறேன். "நாங்கள் அப்படி வரேல்லை" என்கிறோம். எப்படி வந்தோம்? 2023 கோடையில் ஆபிரிக்க நாடுகளிலிருந்து தஞ்சம் கேட்டு வந்தவர்கள் படுக்க இடமில்லாமல் டவுன்ரவுனில் பீற்றர் வீதி நடைபாதையில் படுத்தார்கள். அவர்களுக்குக் கதவைத் திறந்தவற்றில் கறுப்பினச் சபைகள் சில முன்னின்றன. ஆலய மண்டபத்தில் படுக்கை போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். பிளாக்பேர்ன் தம்பதிகளின் பிள்ளைகள் என்று அவர்களைச் சொல்லலாம். ஏணியை இழுத்து ஒளிக்காதவர்கள்.

இப்போது என் சின்ன நண்பருக்கு மறுமொழி.

மகன், நீ கேட்ட அந்த ஏழைகளில் சிலர் பண்ணைக்கு எதிரே சேமக்காலையில் நித்திரை செய்கிறார்கள். சிலர் உழைத்து, பிள்ளைகளைப் படிப்பித்து, வேறு ஊர்களுக்குப் போனார்கள். சிலரை வீடு இடித்து அனுப்பினார்கள். சிலரை வாடகை அனுப்பியது. இன்னும் நிறையப் பேர் அங்கேயே, வீதிக்கு மறுபக்கத்து மாடிகளில் இருக்கிறார்கள். 2018 ஆவணியில் பார்லிமென்ற் வீதி 650ஆம் இலக்கத் தொடர்மாடியில் தீப்பிடித்தபோது, 1,500க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் வீடிழந்தார்கள். திரும்பிப் போக ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். அப்படியானவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் நகரம் திரும்பிப் பார்த்தது.

இன்னும் ஒரு மறுமொழி இருக்கிறது. அன்றைக்கு அந்தத் தெருவில் நீ தேடிய ஏழைகளில் ஒருத்தி உனக்குப் பக்கத்தில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உன் அம்மம்மாவும் அந்த மாடியில்தான் வந்து இறங்கினவ. கேட்டுப் பார். எத்தனையாம் மாடி என்றும் கேள். அவவுக்கு இலக்கம் மறந்திருக்காது.

கடைசியாக இரண்டு வேண்டுதல்கள்.

ஒன்று, இந்த மலரின் பின்பக்கத்தில் ஒரு தாளை வெறுமையாக விடும்படி மலர்க்குழுவைக் கேட்டிருக்கிறேன். அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளே, இன்றைக்கு வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு, உங்கள் குடும்பம் இந்த நாட்டில் முதல் படுத்த வீட்டின் விலாசத்தை அதில் எழுதுங்கள். எத்தனை பேர் இருந்தீர்கள், யார் சோறு தந்தார்கள், யார் குளிருடுப்புத் தந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். தெருவை எண்ணாமல் விட்ட பிழையை நாம் செய்ய வேண்டாம்.

இரண்டு, அந்த விலாசத்தை எழுதிய அதே கிழமையில், உங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த ஒரு வீட்டின் கதவைத் தட்டுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு கிண்ணம் கோவா வறை போதும். மிளகாயை மட்டும் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள்.

அந்நியராய் வந்த நம்மை ஏற்றுக்கொண்ட இந்தப் பட்டணத்தை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. நமக்குப் பின் வருகிறவர்களுக்கு நம் கதவுகளைத் திறந்து வைக்கிற மனதை அவர் நமக்குத் தருவாராக. ஆமென்.